திருத்திய தாளைத் தேர்வுக்கு முன் கொடுங்கள்: பல்கலைக்கழக மதிப்பீட்டுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதிப்பீட்டுப் பிரிவின் இயக்குநர் அவர்களுக்கும், அவருடன் பொறுப்பேற்றிருக்கும் பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இதே செய்தியை ஆங்கிலத்தில் மூன்று முறை உங்களுக்கு எழுதிவிட்டேன். முதல் முறை, மடல் கிடைத்தது என்று கணினி தானாக அனுப்பும் ஒரு வரி வந்தது. அடுத்த இரண்டு முறையும் அதுவும் வரவில்லை. உங்களில் சிலர் தமிழர்கள், எங்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தியவர்கள். ஆகவே இம்முறை தமிழில், பிறரும் படிக்கும்படி எழுதத் துணிந்தேன். சென்ற பருவத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்பைத் திருத்தி, எது சரி, எது பிழை என்று ஓரத்தில் எழுதி, இறுதித் தேர்வுக்குப் பத்து நாளைக்கு முன்பாவது எங்கள் கையில் கொடுங்கள்.

வேறு எந்தப் பாடத்தில் இது நடந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். "கல்வி மதிப்பீடு" என்ற பாடத்தில் நடந்ததுதான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

நான் மொரீஷியஸ் தீவின் சவான் மாவட்டத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பள்ளி முடிந்து சூயாக்கிலிருந்து கியூர்பிப்புக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. திரும்பும்போது கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் என் தம்பி காரை எடுத்துக்கொண்டு வரவேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. படிக்க வேண்டும் என்று நானே விரும்பி வந்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பேச்சுத் தேர்வு ஒன்றை வடிவமைத்து, அதன் ஏற்புடைமையையும் (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது) நம்பகத்தன்மையையும் (யார், எத்தனை முறை அளந்தாலும் ஒரே முடிவு வருகிறதா என்பது) விளக்குமாறு ஒப்படைப்பு கேட்டது. மூவாயிரம் சொல், மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு நாற்பது. கொடுக்க வேண்டிய வாரத்தில் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறி, எங்கள் பக்கம் மின்சாரம் நின்றுபோனது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் மடிக்கணினியைச் செருகி, நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஏற்றி முடித்தேன். ஒரு நாள் தாமதித்தால் ஐந்து மதிப்பெண் குறையும் என்பது உங்கள் விதி, அதற்குக் கட்டுப்பட்டேன். திருத்துகிறவர் எத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்று அதே கையேட்டில் தேடிப் பார்த்தேன். "உரிய காலத்தில்" என்று இருக்கிறது. உரிய காலம் என்பது இறுதித் தேர்வு முடிந்த பதினோராம் நாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று காலை உங்கள் இணைய வாயிலில் என் பெயருக்கு எதிரே 54 என்று ஓர் எண் தோன்றியது. அதற்கு மேலும் ஒன்றும் இல்லை, கீழும் ஒன்றும் இல்லை.

அந்த ஒப்படைப்பில் நான் ஒரு பெரும்பிழை செய்திருந்தேன். அச்சிட்ட பத்துச் சொற்களைப் பிள்ளைகள் உரக்க வாசிக்க வேண்டும், இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே கேட்டு மதிப்பெண் போடவேண்டும் என்று தேர்வை அமைத்திருந்தேன். இருவர் போட்ட மதிப்பெண்ணும் ஒத்துப்போகிறது, ஆகவே தேர்வு ஏற்புடையது என்று பக்கம் பக்கமாக வாதாடியிருந்தேன். மதிப்பெண் ஒத்துப்போவது நம்பகத்தன்மைக்குச் சான்று. அந்தத் தேர்வு பேச்சைத்தான் அளந்தது என்பதற்கு அது சான்றாகாது. எடைக்கல் தேய்ந்த தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைத்தான் காட்டும். வீட்டில் கிரியோல் பேசி வளரும் எங்கள் பிள்ளைகளில் பலர் "மாம்பழம்" என்ற சொல்லைக் கணீரென்று வாசிப்பார்கள், "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் விழிப்பார்கள். இதைத் தினமும் வகுப்பறையில் பார்க்கிற நான், தாளில் எழுதும்போது கோட்டைவிட்டேன்.

இறுதித் தேர்வின் மூன்றாம் கேள்வி, இருபத்தைந்து மதிப்பெண்ணுக்கு, இதே இரண்டையும் வேறுபடுத்தி எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொன்னது. தெரிந்த கேள்வி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், ஒப்படைப்பில் எழுதிய அதே எடுத்துக்காட்டை, அதே பிழையோடு, இன்னும் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

முடிவுகள் வந்த பிறகு, எங்கள் ஊரில் ஓய்வுபெற்றிருக்கும் தலைமையாசிரியர் ஒருவரிடம் ஒப்படைப்பின் பிரதியைக் காட்டினேன். வராந்தாவில் நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து, "இங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க டீச்சர்" என்றார். அம்மா அவருக்குக் கொடுத்த தேநீர் அப்போதும் ஆறவில்லை. மொத்தத்தில் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். தேர்வுக்கு முன்பு அந்த இரண்டு நிமிடம் எனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

தாளைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன். விடைத்தாள் மாணவருக்குத் திருப்பித் தரப்படுவதில்லை என்றும், கட்டணம் செலுத்தினால் மறுகூட்டல் செய்து தரப்படும் என்றும் அலுவலகம் தெரிவித்தது. கூட்டலில் பிழை என்று நான் சொல்லவே இல்லை. ஐம்பத்து நான்கு என்பது அந்தத் தாளுக்கு நியாயமான மதிப்பெண்ணாகவே இருக்கலாம், ஏன், கொஞ்சம் தாராளமாகக்கூட இருக்கலாம். காரணத்தைக் கேட்டேன், எண்ணை இன்னொரு முறை கூட்டித் தருவதாகச் சொல்கிறீர்கள், அதுவும் காசுக்கு.

இனி நான் எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது அல்ல. மூன்றாவது வாரத்தில் நீங்களே எங்களுக்குத் திரையில் காட்டியது. வளரறி மதிப்பீடு (கற்கும்போதே திருத்திக்கொள்ள உதவுவது), தொகுத்தறி மதிப்பீடு (கற்று முடித்த பின் தீர்ப்புச் சொல்வது) என்ற பிரிவினையை 1967-ல் மதிப்பீட்டியல் அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன் வகுத்தார் என்று குறித்துக்கொள்ளச் சொன்னீர்கள். அதை விளக்க, சமையற்காரர் ருசிபார்ப்பது முன்னது, விருந்தினர் ருசிபார்ப்பது பின்னது என்ற உவமையைச் சொன்னீர்கள். எங்கள் கோயிலில் காவடிக்குச் சமைக்கும் ஏழு கறியை நினைத்துக்கொண்டு நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம்: உப்பு குறைந்திருந்தால் அடுப்பில் இருக்கும்போதே சொல்லவேண்டும், இலை எடுத்த பிறகு சொல்லி என்ன பயன்? எட்ட வேண்டிய தரம் எது, தான் நிற்கும் இடம் எது, இடைவெளியைக் குறைக்கச் செய்ய வேண்டியது எது என்ற மூன்றும் மாணவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று 1989-ல் கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் எழுதியதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக்கும் டிலன் விலியமும் ஏறக்குறைய 250 ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் எழுதிய கட்டுரையை ஒரு முழு மாலை நடத்தினீர்கள். நல்ல வகுப்பு அது. அன்று வீடு திரும்பும் பேருந்தில்கூட நாங்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம்.

அந்த வகுப்பின் பயனாக என் பள்ளியில் நான் திருத்தும் முறையையே மாற்றிக்கொண்டேன். "பழம்" என்பதைப் "பலம்" என்று எழுதும் பையனின் ஏட்டில், பத்துக்கு நான்கு என்று மட்டும் போட்டு மூடிவைக்க இப்போது என்னால் முடிவதில்லை. ஓரத்தில் ஒரு பெரிய "ழ" எழுதி, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று மறுநாள் அவனை அருகில் நிறுத்திக் காட்டுகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது, அவனுடைய ஆசிரியைக்குக் கிடைக்கக் கூடாதா?

உங்கள் தரப்பையும் நான் அறியாதவள் அல்ல. தேர்வுக் குழு கூடி ஒப்புக்கொள்ளும்வரை எந்த மதிப்பெண்ணும் இறுதியானதில்லை என்பதால் வெளியிட முடியாது என்று ஒரு விரிவுரையாளர் நேரில் விளக்கினார். பகுதிநேர விரிவுரையாளர்களுக்குத் திருத்தும் நேரத்துக்கு ஊதியம் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். அது உண்மையானால், அவர்களுக்காகவும் சேர்த்தே இந்த மடலை எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் காரணத்துக்கு விடை உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. 1988-ல் ஆய்வாளர் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. அப்படியிருக்க, மதிப்பெண்ணைத் தேர்வுக் குழு கூடும்வரை பூட்டியே வைத்திருங்கள், எங்களுக்கு அவசரமில்லை. ஓரத்தில் எழுதும் இரண்டு வரிகளுக்கு எந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும்?

மதிப்பெண் என்றால் இந்தத் தீவுக்கு ஏன் இவ்வளவு பித்து என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். தமிழ், இந்தி, உருது போன்ற நம் கீழை மொழிகளின் மதிப்பெண்ணை ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வின் தரவரிசையில் சேர்ப்பதற்கான அரசியலமைப்புத் திருத்தம் 1995-ல் தோற்று, நாடாளுமன்றமே கலைக்கப்பட்டு, அந்த டிசம்பர் தேர்தலில் ஆட்சி மாறிய நாடு இது. அந்தத் தேர்வு போய் 2017-ல் பி.எஸ்.ஏ.சி. என்ற புதிய ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வு வந்தது; பத்து வயதுப் பிள்ளை பள்ளி விட்டதும் ட்யூஷனுக்கு ஓடுவது மட்டும் நிற்கவில்லை. எண்ணுக்காக இவ்வளவு சண்டை போடுகிற நாம், அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்? பருவ முடிவில் நீங்கள் அனுப்பிய மாணவர் கருத்துக் கணிப்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். இருபது கேள்விகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் மதிப்பெண் தெரியாது. "எனக்குப் பயனுள்ள பின்னூட்டம் உரிய காலத்தில் கிடைத்தது" என்பது பன்னிரண்டாம் கேள்வி. பின்னூட்டம் வருமா என்றே தெரியாத நாளில் அதற்கு விடை கேட்டீர்கள். கருத்து எழுத ஒரு வரி இடம் இல்லாத கருத்துக் கணிப்பை வடிவமைத்தவருக்கு, நம் பாடத்தின் அளவுகோல்படி எத்தனை மதிப்பெண் போடலாம் என்று நாங்கள் பேருந்தில் வாதிட்டோம். ஐம்பத்து நான்கு அதிகம் என்று முடிவாயிற்று.

மன்னியுங்கள், மடல் வேறு பக்கம் போய்விட்டது. சண்டை போடுவதற்காக நான் எழுதவில்லை. என் சென்ற பருவத் தாளை மறுபடி திருத்தச் சொல்லவும் இல்லை, ஒரு மதிப்பெண் கூட்டித் தரச் சொல்லவும் இல்லை. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. வரும் பருவத்தில் எங்கள் வகுப்பினர் எல்லோருமே ஆறாம் வாரத்தில் ஒப்படைப்புக் கொடுப்போம், பதினைந்தாம் வாரத்தில் தேர்வு எழுதுவோம். இடையில் ஒன்பது வாரம் இருக்கிறது. எங்கள் ஒப்படைப்புகளைத் திருத்தி, மதிப்பெண் இல்லாவிட்டாலும் குற்றம்குறை எழுதி, தேர்வுக்குப் பத்து நாளைக்கு முன்பு எங்கள் கையில் கொடுக்குமாறும், கையேட்டில் உள்ள "உரிய காலத்தில்" என்பதை நீக்கிவிட்டு அங்கே ஒரு நாள் கணக்கை எழுதுமாறும் உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை ஆங்கிலத்திலோ, பிரெஞ்சிலோ, கிரியோலிலோ, தமிழிலோ எழுதலாம். கணினி தானாக அனுப்புவதாக இல்லாமல், உங்களில் ஒருவர் எழுதியதாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பகுதிநேர மாணவி,
ஆரம்பப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
சவான் மாவட்டம், மொரீஷியஸ்