ஜூலியஸ் அவருக்கு இட்ட பெயரன்று

ஐயா,

ரோமக் குடியரசின் வீழ்ச்சி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால், சீசருக்குப் பெற்றோர் ஜூலியஸ் என்று பெயரிட்டதாக எழுதியிருப்பது பிழை. அவர்கள் இட்ட பெயர் காயஸ். ஜூலியஸ் என்பது குலப்பெயர். சீசர், அக்குலத்தின் ஒரு கிளைக்குரியது. ஆண்பிள்ளைகளுக்குச் சூட்டும் முதற்பெயர்களில் அன்று பரவலாக வழங்கியவை இருபதுக்கும் குறைவு. எனவே ஆளை அடையாளம் காட்டியவை குலமும் கிளையும்தான். பெண்கள் பாடு இன்னும் மோசம்: குலப்பெயரின் பெண்பால் வடிவமே அவர்கள் பெயர்; சீசரின் அத்தை, இரு சகோதரிகள், மகள் எல்லோருமே ஜூலியா! ரோமப் பேச்சாளர் மார்கஸ் டுல்லியஸ் சிசரோ விடுதலை செய்த அடிமை டிரோகூட, எஜமானின் பெயரை ஏற்று மார்கஸ் டுல்லியஸ் டிரோ ஆனார். கி.மு. 69இல் அத்தையின் இறுதிச் சடங்கில், ஜூலியஸ் குலம் வீனஸ் தேவியின் வழிவந்தது என்று சீசர் முழங்கியது வெறும் துக்க உரையா? குலப்பெயர் அவருக்கு அரசியல் முதலீடு. இதைக் கட்டுரை தவறவிட்டுவிட்டது.

வரலாற்று ஆசிரியராக இருந்தபோது, ‘காயஸ் ஜூலியஸ் சீசர்’ என்று கரும்பலகையில் எழுதி, “இதில் அவருடைய சொந்தப் பெயர் எது?” என்று கேட்பேன். “சீசர்!” என்று வகுப்பே கூவும். முன்னே தந்தையின் முதலெழுத்து, பின்னே தன் பெயர் என்று எழுதிப் பழகிய பிள்ளைகள், பாவம், வேறென்ன சொல்வார்கள்? தொடரின் அடுத்த பகுதியிலாவது, ரோமானியர் ஒவ்வொருவரையும் முதன்முறை குறிப்பிடும்போது முழுப்பெயரையும் தந்து, குலப்பெயர் எதுவென ஓரத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக அச்சிட வேண்டுகிறேன்.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்