கயலுக்கு, நம்ம ஊரு சின்ன தியேட்டரைப் பத்தி

கயலு கண்ணு,

போன வாரம் போன்ல கேட்டல்ல, வீட்ல பெரிய டிவி இருக்கு, நெட் இருக்கு, ஓடிடி எல்லாம் நானே போட்டுக் குடுத்திருக்கேன், அப்புறம் எதுக்கும்மா முட்டி வலியோட டெம்போ ஏறி அந்த சின்ன தியேட்டருக்குப் போயிட்டுப் போயிட்டு வர்றன்னு. போன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா பாதியில உனக்கு ஆபீஸ் கால் வந்துடும், அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் வரும், மெட்ரோல போகும்போது படி.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். நம்ம பாண்டிச்சேரி நேரு வீதியிலேர்ந்து உள்ள திரும்புற ஒரு சந்துல, முன்னாடி பிரஸ் ஓடிட்டு இருந்த பில்டிங். எழுபது பேர் உக்காரலாம், ஏசி சுமாரா ஓடும், இடைவேளையில சுண்டலும் டீயும் கிடைக்கும். நடத்தறது ரெண்டு ரிட்டயர்டு வாத்தியாருங்க, அப்புறம் டவுன்ல பெரிய தியேட்டர்ல முப்பது நாப்பது வருஷம் ஆபரேட்டரா இருந்த ஒரு அண்ணன், அவங்க கூட கொஞ்சம் காலேஜ் பசங்க. மாசம் பொறந்தா வாசல்ல நோட்டீஸ் ஒட்டுவாங்க, படம் பேரு, வருஷம், எந்த நாடு, எந்த பாஷை, எத்தனை நிமிஷம், அவ்வளவுதான் இருக்கும். படம் போட உரிமை வாங்கித்தான் போடறாங்க, நம்ம வீட்டுக்குக் காசு கட்டினத வெச்சு நாலு பேருக்குப் போட்டுக் காட்ட முடியாதாம், அதுக்குத் தனியா கட்டணும், டிக்கெட் காசுல பாதி அதுக்கே போயிடுது.

ஓடிடில எனக்கு என்ன பிரச்சனைன்னா, நான் ஒரு குடும்பப் படம் பாத்தா அது இன்னும் பத்து குடும்பப் படத்தைக் கொண்டாந்து முன்னாடி நிறுத்துது. எனக்குப் பிடிச்சதையே திரும்பத் திரும்பக் குடுத்துட்டு இருந்தா எனக்குத் தெரியாதது எப்படித்தான் எனக்கு வரும்? இங்க ஒரு மனுஷன் யோசிச்சு வெச்சிருக்காரு, இந்த வாரம் தமிழு, அடுத்து பேசாத படம், அடுத்து ஈரான், ஃபிரெஞ்சு, நடுவுல ஒரு டாகுமெண்டரி, ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு ஒண்ணு. நானா தேடியிருந்தா இதுல பாதிய பாத்திருக்க மாட்டேன்.

முதல் வாரம் பாலு மகேந்திராவோட 'வீடு' போட்டாங்க, 1988ல வந்தது, பாட்டே கிடையாது, அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்த படம். நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது, அப்பவே பாத்திருக்கேன், ஆனா அப்ப எனக்கு வீடு கட்டறதுன்னா என்னன்னே தெரியாது. இப்ப தெரியுமே! உங்கப்பாவும் நானும் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டப்ப நீ மூணாங்கிளாஸ், லோனுக்கு அலைஞ்சதும், பிளான் அப்ரூவலுக்கு ஒரு ஆபீஸ்ல டேபிள் டேபிளா நின்னதும், சிமெண்டு மூட்டைய எண்ணி எண்ணி வெச்சதும் உனக்கு ஞாபகம் இருக்காது. படத்துல கான்ட்ராக்டர் சிமெண்ட திருடி விக்கறத அங்க வேலை செய்யற சித்தாளு மங்கம்மா போட்டு உடைப்பா பாரு, அந்த இடத்துல ஹால்ல பின்னாடிலேர்ந்து ஒரு அம்மா "அப்படிக் கேளுடி"ன்னு சத்தமா சொன்னாங்க, அவங்களும் கட்டட வேலைக்குப் போனவங்களாம், அப்புறம் பேசிக்கிட்டோம். சொக்கலிங்க பாகவதர் அந்த தாத்தாவா வந்து, கட்டி முடியாத வீட்டைப் பாக்க வர்ற சீன் இருக்கு, ஒரு வசனம் கிடையாது, பூசாத சுவரைத் தொட்டுப் பாத்துக்கிட்டே ஒவ்வொரு ரூமா நடக்கறாரு, இளையராஜாவோட வயலின் மட்டும் கூடப் போகுது. எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு. கடலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து, ரூஃப் போடாத நம்ம வீட்ல, இதுதான கிச்சன் இதுதான கிச்சன்னு கேட்டுட்டு நின்னாரே. திரும்பிப் பாத்தா பக்கத்து சீட்டுக்காரரு கண்ணாடியக் கழட்டித் துடைச்சிட்டு இருக்காரு. டிவில பாத்தா அந்த நேரத்துக்குக் கரெக்டா குக்கர் விசில் அடிச்சிருக்கும், நானும் எழுந்து போயிருப்பேன்.

ஆபரேட்டர் அண்ணன் அன்னைக்கு ஒண்ணு காட்டினாரு. அது பழைய பிரிண்ட்லேர்ந்து எடுத்த காப்பி போல, அப்பப்ப வலது பக்கம் மேல் மூலையில ஒரு சின்ன வட்டப் புள்ளி வந்து மறையுது. அந்தக் காலத்துல ஒரு ரீல் இருபது நிமிஷம் சுமாருக்குத்தான் ஓடுமாம், முதல் புள்ளி வந்தா அடுத்த புரொஜக்டர் மோட்டார ஆன் பண்ணணும், ரெண்டாவது புள்ளிக்கு மாத்தணும், கண்ணு அந்த மூலையிலயேதான் இருக்கும், அதனால நான் போட்ட படம் ஒண்ணையும் முழுசா பாத்ததில்லம்மான்னாரு. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லேர்ந்து ஓடுது. அவரு கடைசி வரிசையில எங்களோட உக்காந்து பாக்கறாரு, அதப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

ரெண்டாவது வாரம்தான் உன்ன ரொம்ப நினைச்சேன், ஏன்னா அது நீ இருக்கற லியோன் ஊரு படம். லூமியேர் அண்ணன் தம்பிங்க எடுத்த சின்னச் சின்ன படங்க, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் கூட இல்ல, அம்பது செகண்டுதான். 1895 டிசம்பர் 28 பாரிஸ்ல ஒரு கஃபேல காசு வாங்கி ஜனங்களுக்குக் காட்டினாங்க, அடுத்த ஜூலை 7ஆம் தேதியே பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துடுச்சு, ஏழு மாசம் கூட ஆகல பாரு. திருச்சியில ரயில்வேல கிளார்க்கா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல டூபான்ட்ங்கற ஃபிரெஞ்சுக்காரர்கிட்டேர்ந்து புரொஜக்டரையும் படங்களையும் வாங்கி, கூடாரம் அடிச்சு ஊர் ஊரா காட்டினாரு, நான் சின்னப் பிள்ளையில மணல் குமிச்சு உக்காந்து பாத்த டூரிங் கொட்டாய் எல்லாம் அந்த வழியில வந்ததுதான். சரி, அந்தப் படங்கள்ல முதல்ல வர்றது ஃபேக்டரி விட்டு தொழிலாளிங்க வெளிய வர்றது. கேட்டு திறக்குது, நீளப் பாவாடையும் தொப்பியுமா பொம்பளைங்க கூட்டமா வர்றாங்க, சைக்கிள்ல ஆம்பளைங்க, நடுவுல ஒரு நாய் ஓடுது, முடிஞ்சுது. எனக்குப் பக்கத்துல மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு தாத்தா உக்காந்திருந்தாரு, "இது நம்ம மில்லு கேட்டும்மா, சங்கு ஊதினா இப்படித்தான் வருவோம்"னாரு. படம் முடிஞ்சு பேசச் சொன்னப்ப எழுந்து பேசினாரு பாரு, ஒருத்தரும் அசையல. 1936 ஜூலை 30 இங்க மில்லு தொழிலாளிங்க மேல சுட்டு 12 பேரு செத்தாங்கல்ல, எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்துல, அன்னைக்கு அவங்கப்பா உள்ள இருந்தாராம், அவரு சொல்லிக் கேட்டதை அப்படியே சொன்னாரு. காலேஜ் பசங்க போன உள்ள வெச்சிட்டுக் கேட்டாங்க. அம்பது செகண்டு படத்துக்கு அரை மணி நேரம் பேச்சு. எந்த ஓடிடில இது கிடைக்கும் சொல்லு.

அந்த ஃபேக்டரி நீ இருக்கற லியோன்லதான் இருந்துச்சு, மோன்ப்ளேசிர்ல, அந்தத் தெருவுக்கே முதல் படத் தெருன்னுதான் பேரு வெச்சிருக்காங்க, அங்கயே இருக்கற அவங்க குடும்ப வீட்ட இப்ப மியூசியம் ஆக்கிட்டாங்க, டி லைன் மெட்ரோல ஸ்டேஷனே இருக்கு. இத்தனை வருஷமா அங்க இருந்தும் நீ போகலன்னு சொன்ன, இந்த லீவுல குட்டியையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டு வா. அந்த ஃபேக்டரி இருந்த இடத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அந்த மில்லு தாத்தாகிட்ட காட்டணும்.

பிள்ளைங்களுக்குன்னு ஞாயித்துக்கிழமை சாப்ளினோட 1921 படம் 'தி கிட்', அந்தக் குட்டிப் பையனோட வர்றது. சன்டே மார்க்கெட் கூட்டத்தத் தாண்டிப் போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, ஆனா பையன் கல்ல எறிஞ்சு கண்ணாடிய உடைப்பான், இவரு பின்னாடியே கண்ணாடி மாட்ட வருவாரு, அதுக்குப் பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! நூறு வருஷத்துப் பழைய படம்னு அதுங்களுக்கு யாரும் சொல்லல, சொல்லவும் வேண்டாம்.

டாகுமெண்டரி நம்ம கடற்கரை மண்ணு போன கதை. துறைமுகத்துக்கு கல்லு கொட்டினதுல தெக்கேர்ந்து வடக்க போற மணல் அங்கயே நின்னுடுச்சு, அதான் இங்க கரை அரிச்சு வெறும் பாறாங்கல்லா ஆச்சு, அப்புறம் 2018ல கடலுக்குள்ள அந்த இரும்பு ஆப்பு மாதிரி ஒண்ண எறக்கின பின்னாடி கொஞ்சம் மணல் திரும்ப வந்துச்சு. வைத்திக்குப்பத்துலேர்ந்து மீன்காரங்க வந்திருந்தாங்க, எங்க பக்கம் இன்னும் அரிக்குதுன்னு சொன்னாங்க. படம் சுமார்தான், பேச்சு நல்லா இருந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஈரான் படம், கியாரோஸ்டமி எடுத்தது, 1987, ஒரு பையன் ஃபிரெண்டோட நோட்ட தப்பா எடுத்துட்டு வந்துடறான், நாளைக்கு அந்த நோட்டுல எழுதலன்னா வாத்தியாரு ஃபிரெண்ட ஸ்கூல விட்டே அனுப்பிடுவாரு, அதக் குடுக்க அவன் ஊரு விட்டு ஊரு ஓடறான், அவ்வளவுதான் கதை. பெரியவங்க ஒருத்தரும் காது குடுத்துக் கேக்க மாட்டாங்க. எவ்வளவு நம்ம ஊருக் கதை! ஆனா சப்டைட்டில் இங்கிலீஷ்ல. அந்த மில்லு தாத்தா என்கிட்ட "பையன் எங்கம்மா ஓடறான், அம்மா என்ன சொல்லுது"ன்னு கேட்டுட்டே இருந்தாரு, நானும் காதுல சொல்லிட்டே இருந்தேன், முன் சீட்டுல ஒருத்தர் திரும்பி முறைச்சாரு, அப்புறம் தாத்தா கேக்கறத நிறுத்திட்டாரு. போன வாரம் அரை மணி நேரம் ஹாலையே கட்டி வெச்ச மனுஷன், இந்த வாரம் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்குத் தாங்கல.

கடைசி வாரம் த்ரூஃபோவோட 1959 படம் '400 ப்ளோஸ்', ஃபிரெஞ்சு, ஸ்கூலுக்கு மட்டம் போடற அந்த பன்னெண்டு பதிமூணு வயசுப் பையன் அந்துவானோட கதை. அதுக்கு நம்ம சொல்தா தாத்தாங்க ரெண்டு பேரு வந்திருந்தாங்க, ஃபிரெஞ்சு மிலிட்டரி பென்ஷன் வாங்கறவங்க. வாத்தியாரு ஏன்டா வரலன்னு கேக்கறப்ப அந்தப் பையன் எங்கம்மா செத்துட்டாங்கன்னு ஒரு பொய்யச் சொல்லுவான். சப்டைட்டில் படிச்சு எங்களுக்குப் புரியறதுக்குள்ள ஒரு சொல்தா தாத்தா "அடப்பாவி!"ன்னு கத்திட்டாரு. அப்புறம்தான் ஹாலே உச்சு கொட்டுது. சிரிக்கறதும் அவங்க முன்னாடி, பதறுறதும் அவங்க முன்னாடி, நாங்க ஒரு செகண்டு பின்னாடி, இங்கிலீஷ் வராதவங்க அதுக்கும் பின்னாடி. கட்டட வேலைக்காரம்மா இடைவேளையிலயே கிளம்பிட்டாங்க, 'வீடு'க்கு அப்படி உக்காந்து பாத்தவங்க.

அதனால நான் வாத்தியாருங்ககிட்ட பேசிட்டேன், இந்த ஃபிரெஞ்சுப் படத்துக்குத் தமிழ்ல சப்டைட்டில் போட முடியாதான்னு. படத்துக்கு உரிமை குடுக்கறவங்ககிட்டயே எழுதிக் கேட்டு, போட்டுக்கலாம்னு அனுமதி வாங்கிட்டாங்க, ஆனா செய்யறதுக்கு ஆளு இல்ல. ஃபிரெஞ்சும் தமிழும் ரெண்டும் நல்லா தெரிஞ்ச ஆளு வேணும். எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு ஆளு நீதான், கயலு. நானா வாக்கு குடுக்கல, உன்னக் கேட்டுட்டு சொல்றேன்னு மட்டும் சொல்லியிருக்கேன். 99 நிமிஷப் படம். இங்கிலீஷ்லேர்ந்து மாத்தினா வேற யாராவது பண்ணிடுவாங்க, நேரா ஃபிரெஞ்சுலேர்ந்து வந்தா அந்தப் பையன் பேசற மாதிரியே இருக்கும்னு எனக்குத் தோணுது. வாத்தியாருங்க பேசற தமிழ்ல எழுதாத, அம்மா பிள்ளை வீட்ல பேசிக்கற மாதிரி எழுது, கட்டட வேலைக்காரம்மா படிச்சா டக்குனு புரியணும்.

ஆபரேட்டர் அண்ணன் சொன்னத அப்படியே எழுதறேன். நேரம் எல்லாம் போட்ட ஃபைல அவரே அனுப்புவாரு, ஒவ்வொரு வசனத்துக்கும் எப்ப வரணும் எப்ப போகணும்னு அதுலயே இருக்கும், நீ எழுத்த மட்டும் மாத்தினா போதும். ரெண்டு வரிக்கு மேல வேண்டாம், நம்ம தமிழ் வார்த்தைங்க நீளம், ஸ்கிரீன்ல அடைச்சிக்கும், அதனால பேசினது எல்லாத்தையும் எழுதணும்னு இல்ல, விஷயம் போய்ச் சேந்தா சரி. முடிச்சிட்டு யூடிஎஃப் எட்டுங்கற (UTF-8) எழுத்து முறையில சேவ் பண்ணணுமாம், இல்லன்னா தமிழ் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமா வருமாம். அந்தத் தாத்தாவும் அந்தம்மாவும் முதல் ஆளா வரணும்னு நானே டிக்கெட் எடுத்து வெக்கப் போறேன்.

வேலை ஜாஸ்தின்னா பாதி பாதியா பண்ணு, மாப்பிள்ளைக்கும் ஃபிரெஞ்சு நல்லா வருமே, உக்கார வெய்யி. முடியலன்னா முடியலன்னு சொல்லு, கோச்சுக்க மாட்டேன், ஆனா சீக்கிரம் சொல்லிடு, அடுத்த மாச நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும். ஃபைல அவரு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு, இதோட சேத்து உனக்கு அனுப்பறேன், திறக்குதான்னு பாத்துட்டு ராத்திரி போன் பண்ணு.

அம்மா