போட்டோவின் பின்பக்கம்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மங்கை,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? மார்ச் மாதம் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள், உனக்கு உரிமை உண்டு. ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள். கோபப்பட வேறொரு காரணமும் உள்ளே இருக்கிறது. இதை வாட்ஸ்அப்பில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் கவர் வாங்கி, ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை. முழங்கால் அப்படியே. சரோஜா அக்கா மகனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்துவிட்டது, ஆம்பூர்ப் பக்கம். மற்றதெல்லாம் நேரில்.

பாட்டியின் பித்தளை அண்டா ஞாபகம் இருக்கிறதா? ஒளிந்து விளையாடும்போது நீ உள்ளே இறங்கி, ஏற முடியாமல் அழுதாயே, அதேதான். மாடியில் சும்மா கிடக்கிறதே என்று விற்கலாம் என முடிவு செய்தேன். பழைய பாத்திரம் வாங்கும் ஒருவரின் நம்பர் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். ‘தெளிவா இல்லம்மா, டாகுமெண்ட்டா அனுப்புங்க’ என்றார். தம்பி மகன் சொல்லிக்கொடுத்தபடி அனுப்பினேன். ‘எந்த ஊரு?’ என்று கேட்டார். ‘வேலூர்’ என்றேன். அவ்வளவுதான் மங்கை. தெரு சொல்லவில்லை, வீட்டு நம்பர் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு கேட் தட்டும் சத்தம். வீட்டில் நான் மட்டும். திறந்தால் அந்த மனிதர், பக்கத்தில் ஒரு டாட்டா ஏஸ் வண்டி. எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. ‘வீடு எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்டேன். ‘நீங்க அனுப்பன போட்டோவுலயே கீதேம்மா’ என்றார், ஏதோ நான்தான் வழி எழுதிக் கொடுத்த மாதிரி.

நல்ல மனிதர். ஆரணிக்காரர். சிலர் வேறு யாருடையதோ பழைய போட்டோவை அனுப்பி ஏமாற்றுவதால், எடுத்த தேதியைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. போனிலேயே திறந்து காட்டினார். அண்டாவின் படம், அதன் கீழே எடுத்த தேதி, மணி, என் போனின் பெயர், அதற்கும் கீழே ஒரு வரைபடம். வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி என் வீடு. ‘என்கிட்டதானே அனுப்பினீங்க, வேற யாரும்னா இன்னா பண்ணுவீங்க? பாத்து இருங்கம்மா’ என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நியாயமான விலை கொடுத்து அண்டாவை ஏற்றிப் போனார். நான் கேட்டைப் பூட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி தம்பி மகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் கோட்டை அகழி ஓரம் நின்று எடுத்த போட்டோவின் பின்னால் நீ மசியில் எழுதுவாயே, ஊர், தேதி, இடமிருந்து வலமாக யார் யார் என்று? இந்தக் காலத்து போன் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தானே அப்படி எழுதிவிடுகிறதாம். எக்ஸிஃப் என்று பெயர். 1995ல் ஜப்பானில் மின்னணுத் தொழில்காரர்கள் சங்கம் வகுத்த முறை. தேதி, லென்ஸ், வெளிச்சம் என்று படம் எடுப்பவருக்கு உதவத்தான் வந்தது. போனில் ஜிபிஎஸ் வந்த பிறகு இடமும் சேர்ந்துகொண்டது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் புள்ளிக்குப் பின் ஐந்தாம் இலக்கம் என்றால் சுமார் ஒரு மீட்டர் கணக்காம். போன் அவ்வளவு துல்லியமாக இருக்காது, சில மீட்டர் தள்ளிப்போகலாம். எங்கள் சந்தில் சில மீட்டர் தள்ளினால் துளசி மாடம்!

2012 டிசம்பரில் நடந்த ஒன்றையும் சொன்னான். வைரஸ் தடுக்கும் மென்பொருளால் பெயர் வாங்கிய ஜான் மெக்கஃபி, பெலீஸ் நாட்டுப் போலீஸ் தேடுகிறதென்று தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்கள் ஒரு படம் வெளியிட்டார்கள். படத்துக்குள் இருந்த எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டன. கம்ப்யூட்டர் பாதுகாப்பே தொழிலாக இருந்தவருக்கே அப்படி.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் இந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. டாகுமெண்ட்டாக அனுப்பினால், இமெயிலில் இணைத்தால், கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்தால் அப்படியே போகும். ஃபேஸ்புக்கில் பார்க்கிறவருக்குத் தெரியாது, ஆனால் கம்பெனி எடுத்து வைத்துக்கொள்கிறது. நான் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டேன், ஒரு நிமிஷ வேலை. உன் மகளிடம் ஐபோன்தானே? ஷேர் செய்யும்போது மேலே ‘ஆப்ஷன்ஸ்’ என்று வரும். அதில் லொகேஷனை எடுத்துவிடச் சொல்.

பின்பக்கத்தை அழித்துவிட்டால் போதுமா? முன்பக்கமே எவ்வளவு சொல்கிறது என்று அப்புறம்தான் பார்த்தேன். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். கேட்டில் பெயர்ப்பலகை. தம்பி வண்டியின் நம்பர். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையிலிருந்து நான் போட்ட ஸ்டேட்டஸ்! என் போனில் 400 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பால்காரர், கேஸ் கொண்டுவருபவர், என்றோ ஒருநாள் ஃபேன் பழுது பார்த்தவர். இன்று ராத்திரி இவள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அத்தனை பேருக்கும் நானே சொல்லியிருக்கிறேன். இனி வீடு திரும்பிய பிறகுதான் போடுவேன், அதுவும் தெரிந்தவர் பத்துப் பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

நீயும் சும்மா இல்லை. திருப்பதிக்கு ரூம் போட, 64 பேர் இருக்கும் குரூப்பில் உன் ஆதாரையும் உன் வீட்டுக்காரர் ஆதாரையும் முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டாயே! எனக்கு அன்றைக்கே வயிற்றைக் கலக்கியது, சொன்னால் ‘வந்துட்டா போஸ்ட் மாஸ்டர்’ என்பாய் என்று விட்டுவிட்டேன். முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று இருக்கிறது, ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கேட்கும் இடத்தில் அது போதுமா என்று முதலில் விசாரி.

சரி, இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உன் வீட்டுக் குழந்தை கயலுடைய மஞ்சள் நீராட்டு விழாவில் நான் எடுத்த படங்கள். 43 படங்களை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறேன் மங்கை. ‘பப்ளிக்’ என்று இருந்திருக்கிறது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் பெயர் போட்டு, உன் பெயரையும் சேர்த்து, எந்த மண்டபம் என்றும் குறித்து. அதற்கு முந்தின வாரம் எடுத்த பள்ளிச் சீருடைப் படமும் அதில் இருந்தது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பள்ளிப் பெயர் பளிச்சென்று தெரிகிறது. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் முகம், பெயர், பள்ளி, ஊர், அவள் வயதுக்கு வந்த நாள், எல்லாம் ஒரே இடத்தில். சாதாரண முகப்படத்தை எடுத்து என்னென்னவோ ஒட்டி அசிங்கமாக்க இப்போது ஒரு நொடி போதும் என்று தம்பி மகன் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. உங்கள் தெருமுனையில் கட்டிய பேனரை மூன்றாம் நாள் இறக்கிவிட்டார்கள். நான் போட்டது அஞ்சு மாசமாக அங்கேயே இருந்திருக்கிறது.

2017ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள், 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதில் பதினெட்டு வயது வரை குழந்தைதான் என்றெல்லாம் அவன் விளக்கினான். எனக்குச் சட்டம் ஓடவில்லை. ஒரு படம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்றாவது தட்டு வரிசைக்குப் பக்கத்தில் நின்று நான் போனைத் தூக்கியபோது கயல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘வெக்கத்தைப் பாரு’ என்று நானும் சிரித்தேன், எல்லாரும் சிரித்தோம். அந்தப் படத்தையும் போட்டிருக்கிறேன். நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். அது வெட்கம் இல்லை மங்கை. வேண்டாம் என்று சொல்கிற முகம். எனக்கு அன்றைக்குப் படிக்கத் தெரியவில்லை. உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அவளிடம் நேரில் கேட்பேன்.

43ஐயும் எடுத்துவிட்டேன். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே தடவையில் மாற்ற வழி இருந்தது, அதையும் செய்துவிட்டேன். யாராவது அவள் படத்தைத் தப்பாகப் பயன்படுத்தியது தெரிந்தால் தாமதிக்காதே. சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். படத்தை அழிக்கும் முன் அதன் இணைய முகவரியையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வை, போலீசுக்கு அது வேண்டும்.

மூன்று பேர் என் பதிவிலிருந்து எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்குப் போன் செய்தேன், உடனே எடுத்துவிட்டார்கள். மூன்றாமவர் உன் நாத்தனார். ‘எங்க வீட்டுப் பொண்ணு, நான் போடுவேன், உங்களுக்கென்ன?’ என்று வைத்துவிட்டார். அவர் சொல்வதிலும் உறவு என்ற நியாயம் இருக்கிறது, அதற்கு மேல் நான் பேச முடியாது. நீதான் பேச வேண்டும். சீருடைப் படம் அவர் பக்கத்தில்தான் இன்னும் இருக்கிறது.

விழாப் படங்களில் நல்லதாக 12 மட்டும் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று கயலே பார்த்துச் சொல்லட்டும். வேண்டாம் என்பதை அவள் கண்ணெதிரே கிழித்துவிடுகிறேன், போனிலும் அழித்துவிடுகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருகிறாய்தானே? அவளையும் அழைத்து வா. திரும்பும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொள்ளலாம், கணக்கு இந்த முறை என்னுடையது. கடிதம் கிடைத்த அன்றே நாத்தனாருக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே.

உன்,
சாந்தி