மாட்டுக் கண்ணின் நீரையும் எடுத்து அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, திருப்பத்தூர் பக்கத்துக் கிராமங்களில் மஞ்சுவிரட்டுக் காளையோ கறவை மாடோ விடிகாலையில் தொழுவத்தில் இறந்து கிடந்தால், விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. விலங்கைக் கெடுநோக்கத்தோடு கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால், நம் வெயிலில் மறுநாள் மதியத்துக்குள் வயிறு ஊதி, உள்ளுறுப்புகள் அழுகி, இரத்தமும் சோதனைக்கு உதவாமல் போய்விடுகிறது.

அந்த நிலையிலும் ஓரளவு கெடாமல் இருப்பது விழிக்குள் நிறைந்துள்ள கூழ் போன்ற விட்ரியஸ் திரவம். கண் நீர் என்று நான் சொல்வது இதைத்தான், கண்ணீரை அல்ல. அது இரத்தக் குழாய் இல்லாத, தனித்து மூடிய அறை என்பதால், குடலில் தொடங்கும் அழுகல் அங்கே போய்ச் சேரத் தாமதமாகிறது. இறந்தபின் விழித்திரைச் செல்களிலிருந்து பொட்டாசியம் அதில் மெல்லக் கசிந்து ஏறுவதைக் கொண்டு இறந்த நேரத்தை மதிப்பிடுவார்கள். வெப்பம் கூடினால் அந்த ஏற்றமும் விரைவுபடும்; மனிதருக்கு வகுத்த சூத்திரத்தை மாட்டுக்கு அப்படியே போடவும் கூடாது. ஆகவே நமக்கு நேரத்தைவிடக் காரணத்தைத் தேடவே இது உதவும் என்பது என் கருத்து. யூரியா, கிரியாட்டினின் என்னும் உடற்கழிவுகள் அதில் மிகுந்திருந்தால் சிறுநீரகம் பழுதானதை அறியலாம். மழையின்றி வாடிய சோளப்பயிரை மேய்ந்த மாடு நைட்ரேட் நஞ்சால் இறந்திருந்தால் அதுவும் கண் நீரில் தெரியும். குளுக்கோஸ் மட்டும் இறந்தபின் தானாகவே இறங்கிவிடுவதால், அது குறைந்திருப்பதை வைத்து எதையும் சொல்லக் கூடாது.

சென்ற பங்குனியில் என் பக்கத்துத் தெருவில் இறந்த பசுவுக்கு இரைப்பை உள்ளடக்கத்தை மட்டுமே சோதனைக்கு அனுப்பினார்கள். விஷம் இல்லை, காரணம் தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. விஷச் சந்தேகத்தில் பிரிந்த பங்காளிகள் இருவரும் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. அந்தப் பசு வாடிய சோளக் கொல்லையில் மேய்ந்ததை ஊரே அறியும்.

பூச்சிமருந்தைக் கண்டறிய இரைப்பை உள்ளடக்கமும் ஈரலும் தேவைதான். அவற்றோடு கண் நீரையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதே கால்நடை மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள். கண்ணின் வெளிமுனை வழியே ஊசியைச் செலுத்தி மெதுவாக உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் விழித்திரைத் துணுக்குகள் கலந்து பொட்டாசியக் கணக்கு பொய்த்துவிடும். இரு கண்ணின் நீரையும் தனித்தனிக் குப்பியில் இட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, எடுத்த நேரத்தையும் அன்றைய வெப்பத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது.

மாட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. காகம் முதலில் கொத்துவது கண்ணைத்தான். மருத்துவர் வரும்வரை உடலை நிழலில் வைத்து, முகத்தை ஈரச் சாக்கால் மூடி வைக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்,
கானாடுகாத்தான்