ராத்திரி ஒன்பது மணி பிங்: தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோவில்பட்டியில் செல்போன் விற்பனையும் சர்வீஸும் பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. அதற்கு முன்னால், 2004-லிருந்து ஏழெட்டு வருஷம், இதே இடத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு இருபது ரூபாய். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், வாடகை கட்ட உதவியது கேம் ஆட வந்த பையன்கள்தான். எட்டு மெஷினையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் மாட்டி, கவுன்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடுவார்கள். வெளியே போகும் இன்டர்நெட் ஊர்ந்துகொண்டிருக்கும், மழை பெய்தால் செத்தும் போகும். ஆனால் அந்த அறைக்குள் பிங், அதாவது ஒரு செய்தி போய்ப் பதில் வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில் (விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. தோற்றவன் மவுஸைத் திட்டுவான், நாற்காலியைத் திட்டுவான், பக்கத்தில் இருப்பவனையும் திட்டுவான். நெட்டைத் திட்ட மட்டும் வழியே இருக்காது.

இருபது வருஷம் கழித்து, கையில் 5ஜி வைத்திருக்கும் பையன்கள் நெட்டைத் தவிர வேறு எதையும் திட்டுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஷட்டரை இறக்கும்போது, ராத்திரி எட்டரை வாக்கில், தெருப்பையன்கள் நாலு பேர் கடையின் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். கீழே கான்கிரீட் கூரைக்கு அடியில் 5ஜி வருவதும் போவதுமாக இருக்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வடக்குப் பக்கம் உட்கார்ந்தால் நிலையாக நிற்கிறது. அந்த இடத்துக்குத் தினமும் சண்டை. போன மாதம் ஒரு நாள் நானும் மேலே போய் உட்கார்ந்தேன். ஒருவன் சட்டென்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணே, நான் சுட்டத நீங்க பாத்தீங்கல்ல? அவன் செத்திருக்கணும்ல?" திரையின் மூலையில் பிங் சிவப்பில் 340 என்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகி 58-க்கு வந்தது. அதற்குள் இவன் ஆள் தரையில் கிடந்தான்.

அந்த நிமிஷமே அதே போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தோம். 280 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 280 மெகாபிட். விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த 280-ஐ வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அவன் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து எம்பி போதும். நான் இங்கே நிற்கிறேன், இப்படித் திரும்பினேன், சுட்டேன் என்று துக்கடா துக்கடாவாகச் செய்திகள் போய்வருகின்றன, அவ்வளவுதான். அவை அளவில் பொடிசு. சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே அவற்றின் கவலை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை நாலு வழிதான், அகலத்துக்குக் குறைவில்லை. ஆனால் முன்னால் முப்பது லாரி வரிசையில் நின்றால், பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நிற்கத்தான் வேண்டும். டவரிலும் இதுதான் நடக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவே வீடியோ பார்க்கிறது, ஒருவர் படம் டவுன்லோடு போடுகிறார். டவரில் வரிசை நீள்கிறது. எந்தப் பாக்கெட்டும் (டேட்டா போய்வரும் சின்னப் பொட்டலம்) தொலைந்துவிடக் கூடாது என்று பெரிய கிடங்கு வைத்து எல்லாவற்றையும் தேக்கி அனுப்புகிறார்கள். டவுன்லோடு செய்பவருக்கு இதனால் ஒன்றும் தெரியாது, படம் அரை நிமிஷம் தாமதமாக வரும், அவ்வளவே. அதே வரிசையில் மாட்டிக்கொண்ட பையனின் துப்பாக்கி மட்டும் முந்நூறு மில்லிசெகண்ட் கழித்து வெடிக்கிறது.

2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியபோது "ஒரு மில்லிசெகண்ட்" என்பது மந்திரம் மாதிரி எல்லா வாயிலும் இருந்தது. கடையில் வந்து கேட்டவர்களிடம் நானும் அதைச் சொல்லி விற்றேன், ஒத்துக்கொள்கிறேன். பிறகுதான் படித்தேன்: சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இலக்கு சாதாரண மொபைல் பிராட்பேண்டுக்கு 4 மில்லிசெகண்ட். அந்த ஒன்று, ஆலை, இயந்திரக் கட்டுப்பாடு போன்ற தனி ரக வேலைகளுக்கு. இரண்டுமே போனுக்கும் டவருக்கும் இடையிலான வான்வழிக்கு மட்டும். டவரைத் தாண்டினால் கண்ணாடி இழைதான், அங்கே ஒளியே விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். இங்கே பல ஆட்டங்களுக்கு இந்திய சர்வர், அதாவது ஆட்டத்தை நடத்தும் மையக் கம்ப்யூட்டர், என்றால் மும்பை. கோவில்பட்டியிலிருந்து சுற்றி வளைத்து 2,000 கிலோமீட்டர் என்றே வைப்போம். போக 10, வர 10, ஆக 20 மில்லிசெகண்ட். இயற்பியலை மாற்றச் சொல்லி உங்களுக்கு மடல் எழுத மாட்டேன். 20 இயற்கை கேட்பது, வழியில் உள்ள கருவிகளுக்கு இன்னொரு 20, 30 போகட்டும். 340-க்கு யார் கணக்குச் சொல்வது?

(சென்னையில் சர்வர் வைக்கவே முடியாது என்பதில்லை. டோட்டா 2 என்ற ஆட்டத்துக்குச் சென்னையில் சர்வர் உண்டு. சிங்கப்பூருக்குப் போகும் கடலடிக் கேபிள்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சென்னைக் கரையில்தான் ஏறுகின்றன. அது கேம் கம்பெனிக்காரர்களோடு போட வேண்டிய சண்டை, தனியாகப் போட்டுக்கொள்கிறேன்.)

உங்கள் மேல் குறை மட்டும் சொல்ல வரவில்லை. 2024 ஆகஸ்டில் நீங்கள் அறிவித்து அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர ஒழுங்குமுறைகளில் தாமதம், பாக்கெட் இழப்பு, அந்தத் தாமதம் ஏறி இறங்கும் ஜிட்டர் மூன்றும் இருக்கின்றன. எங்கே 4ஜி, எங்கே 5ஜி என்று வரைபடம் போட வைத்தீர்கள். நல்ல வேலை, கடையில் சிம் மாற்ற வருபவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டித்தான் பேசுகிறேன். ஆனால் சேவைப் பகுதி முழுவதற்கும் சேர்த்து ஒரு எண்ணைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் புரிவதில்லை. சென்னையும் மீதித் தமிழ்நாடும் புதுச்சேரியும் உங்கள் கணக்கில் ஒரே பகுதி. சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஐடி கம்பெனி வாசலில் நிற்கும் டவரும் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நிற்கும் டவரும் ஒரே சராசரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

சராசரி என்பதே இந்த விஷயத்தில் ஏமாற்று. பத்துத் தடவை பிங் போடுகிறீர்கள். ஒன்பது தடவை 50 வருகிறது, ஒரு தடவை 500. சராசரி 95. காகிதத்தில் பார்த்தால் குற்றமில்லை. ஆட்டத்தில் அந்த ஒரு 500-தான் பையனைக் கொல்கிறது. நிலையாக 95 இருந்தால்கூட அவன் சமாளிப்பான், கை பழகிவிடும், கொஞ்சம் முன்கூட்டியே சுடுவான். எப்போது வரும் என்று தெரியாத 500-க்கு எந்தக் கையும் பழகாது. அதேபோல, நெடுஞ்சாலையில் கார் ஓட்டிச் செய்யும் சோதனையில் கிடைப்பது சாலையின் சிக்னல். ஒன்பது மணிக்குக் கான்கிரீட் கூரைக்குக் கீழே கிடைப்பது வேறு. 5ஜி பெரும்பாலும் ஓடும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரைத் துளைக்கும் தெம்பு குறைவு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேம் ஆடுகிறவனுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று யாராவது கேட்கக்கூடும். வீட்டில் என் மனைவியே கேட்கிறாள். கேம் என்றதும் ரம்மி ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் மொத்தமாகத் தடை செய்துவிட்டது. அதே சட்டம்தான் மின்விளையாட்டை (இ-ஸ்போர்ட்ஸ், போட்டியாக ஆடும் வீடியோ கேம்) வளர்க்க வேண்டியதென்று தனியே பிரித்து வைத்திருக்கிறது. அதற்கும் முன்பே, 2022 டிசம்பரில், மத்திய அரசு அதை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். சரி, விளையாட்டு என்று ஒப்புக்கொண்டாயிற்று. இங்கே பல போட்டிகளின் தகுதிச்சுற்று ஆன்லைனில்தான். அவரவர் ஊரிலிருந்து, அவரவர் நெட்டில். இறுதிச்சுற்றை மட்டும் ஓர் அரங்கில் எல்லோரையும் ஒரே லேனில், என் பழைய பிரவுசிங் சென்டர் மாதிரி உள்ளுக்குள்ளேயே இணைத்த நெட்வொர்க்கில், உட்காரவைத்து நடத்துவார்கள். அந்த அரங்குக்குள் போக எங்கள் பையன் முதலில் டவரை ஜெயிக்க வேண்டியிருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் கோவில்பட்டிக்காரன் மட்டும் பத்து மீட்டர் பின்னால் நின்று ஓடுவது மாதிரி இது.

அடுத்து வரப்போவதை நினைத்தால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கிளவுட் கேமிங்கில் ஆட்டம் ஓடுவது எங்கோ ஒரு டேட்டா சென்டரில், போனுக்கு வருவது படம் மட்டும். லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் கேட்கும் ஆட்டத்தைப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில் ஆடலாம். என்னிடம் வரும் பையன்களுக்கு இதைவிட நல்ல சேதி இல்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்தவனுக்கு நான் கொடுத்ததும் இதுதானே, தன்னால் வாங்க முடியாத மெஷின். ஆனால் இதில் பட்டன் தட்டியது மேலே போய், அங்கே படமாகி, சுருக்கப்பட்டு, கீழே வந்து, விரிந்து திரையில் தெரிய வேண்டும். விநாடிக்கு அறுபது படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். வழியில் ஒரு முந்நூறு விழுந்தால் பதினெட்டுப் படம் காலி. கூகுளே ஸ்டேடியா என்று 2019-இல் ஆரம்பித்து 2023 ஜனவரி 18-இல் மூடிவிட்டுப் போனது. இந்தியாவுக்கு அது வரவே இல்லை.

டேட்டா கணக்கும் இருக்கிறது. 1080 தரத்தில், அறுபது படத்துக்கு, என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நௌ கேட்பது 25 எம்பிபிஎஸ். நிமிஷத்துக்குச் சுமார் 190 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி பேக் எட்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும், டீ ஆறக்கூட நேரமில்லை. பெரிய பேக் போட்டால் 5ஜிக்கு வரம்பில்லை என்பது உண்மைதான். ஆனால் பையன் மாடியிலிருந்து சாப்பிடக் கீழே இறங்கினால் போன் சத்தமில்லாமல் 4ஜிக்கு மாறிவிடுகிறது, அங்கே வரம்பு உண்டு. "அண்ணே, நான் ஒண்ணுமே பண்ணல, டேட்டா போயிருச்சு" என்று கடைக்கு வருபவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

இனி நான் பயப்படுகிற விஷயம். 4ஜி வலையைச் சாராமல் தனித்தியங்கும் 5ஜியில் ஒரே வலையைத் துண்டு போட்டு, ஒரு துண்டைக் கேமுக்கென்று ஒதுக்க முடியும். தொழில்நுட்பமாக நல்ல சங்கதி. ஆனால் அது கடைக்கு வரும்போது "கேமிங் பேக், மாதம் இவ்வளவு கூடுதல்" என்றுதான் வரும், இத்தனை வருஷம் ரீசார்ஜ் போட்ட கை சொல்கிறது. சுங்கச்சாவடியில் காசு கொடுத்தவனுக்குத் தனி வழி. அந்தத் தனி வழியை எங்கிருந்து எடுப்பார்கள்? இருக்கும் நாலு வழியிலிருந்துதான். மற்றவர்களின் வரிசை நீள நீளத் தனி வழிக்கு மதிப்புக் கூடும். அப்புறம் வரிசையைக் குறைக்க யாருக்கு அக்கறை இருக்கும்? 2016 பிப்ரவரி 8 அன்று, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது உங்கள் ஆணையம்தான். அன்று என் கடையில் லட்டு கொடுக்கவில்லை, ஆனால் கொடுத்திருக்கலாம். 2018-இல் அரசு ஏற்ற இணையச் சமநிலை (எல்லா டேட்டாவையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற நெட் நியூட்ராலிட்டி) விதிகளில் சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு இருக்கிறது. கேமிங் பேக் அந்தக் கதவு வழியாக உள்ளே வரலாம். கதவைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

வரிசையைச் சுருக்க வேறு வழி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு உரிமையாகச் சொல்கிறேன். எல்4எஸ் என்று ஒரு முறை, 2023 ஜனவரியில் இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் பொறியாளர் குழு (ஐஇடிஎஃப்) அதை ஆவணமாக வெளியிட்டது. வரிசை நீளும் முன்பே அனுப்புகிறவரிடம் "கொஞ்சம் மெதுவா" என்று குறிப்பு கொடுத்துவிடும். யாரையும் முந்தவிடுவதில்லை, யாரிடமும் கூடுதல் காசு கேட்க வேண்டியதில்லை. வீடியோ காலில் டாக்டரிடம் பேசும் பாட்டிக்கும் இதனால் லாபம்தான்.

நான் கேட்பது இதுதான். ராத்திரி ஏழிலிருந்து பதினொன்று வரை தாமதத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள், டவர் வாரியாக. சராசரியோடு, மிக மோசமான நூற்றில் ஐந்து தடவை எவ்வளவு என்பதையும் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் டவுன்லோடு ஓடும்போது அளந்ததாக இருக்கட்டும், காலியாக இருக்கும் சாலையில் யார் வேண்டுமானாலும் வேகமாகப் போகலாம். வரைபடத்தில் 5ஜி என்று நிறம் அடித்திருக்கும் இடத்தைத் தொட்டால் அந்த எண் தெரிய வேண்டும். விளம்பரத்தில் எம்பிபிஎஸ்ஸை எந்த அளவு எழுத்தில் போடுகிறார்களோ அதே அளவில் அதுவும் வர வேண்டும். அப்போது சிம் விற்கும் நானும் பொய் சொல்லாமல் விற்பேன்.

வரும் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன்களுக்கு ஒரு தகுதிச்சுற்று இருக்கிறது. அன்று மட்டும் தண்ணீர்த் தொட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார்கள். விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது? கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து ஒரு செல்போன் கடைக்காரன்