இரண்டு எண்கள்

கடலூர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. முதுகுவலி தணிந்து, காலையில் கடற்கரைச் சாலை நடையை மீண்டும் தொடங்கியிருக்கிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். இனி இந்தக் கடிதத்தில் உன் காரைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். புகைப் பரிசோதனையில் உன் ஜென் தேறவில்லை என்றும், சைலன்சர் குழாயில் இருந்துகொண்டு புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் புதிதாகப் போட வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள் என்றும், அந்தச் செலவுக்குப் பேசாமல் வண்டியைக் காயலான் கடைக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். இதே பேச்சை மூன்று மாதங்களுக்கு முன்பு நானும் கேட்டேன். ஏறக்குறைய இதே முடிவுக்கும் வந்திருந்தேன்.

என் மாருதி 800, 2006ஆம் ஆண்டு வண்டி என்பது உனக்குத் தெரியும். நம் இருவரின் வண்டிகளும் பாரத் ஸ்டேஜ் இரண்டு என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புகைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, புகையில் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டுக்குள்ளும், எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.-க்குள்ளும் (அதாவது பத்து லட்சத்தில் 750 பங்குக்குள்ளும்) இருக்க வேண்டும். என் வண்டியில் முதல் எண் 1.4 என்றும், இரண்டாம் எண் 410 என்றும் வந்தன. வெளியே நின்றிருந்த ஒருவர், வண்டியைக் கொண்டுவரவே தேவையில்லை, பணம் கொடுத்தால் சான்றிதழ் வீடு தேடி வரும் என்றார். நான் மறுத்துவிட்டேன். தொழிற்பேட்டைப் பக்கத்துக் காற்றின் நெடியைப் பற்றி எத்தனை ஆண்டுகளாக நாம் குறைபட்டுப் பேசியிருக்கிறோம்! ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற இந்த நச்சுக்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை. காலையில் வண்டியைக் கிளப்பி நிறுத்தும் வேளையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பள்ளி வேனுக்காக அதன் பின்னால்தான் நிற்கிறார்கள். தாளில் மட்டும் தேறிய வண்டியை அவர்கள் முன்னால் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கண்ணுக்குத் தெரிந்த குறைகளைச் சரிசெய்தேன். தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றில் சைலன்சர் குழாயின் இணைப்பு அரித்து, சிறு ஓட்டை விழுந்திருந்தது. அந்த வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் ஏமாந்துபோய், பெட்ரோல் போதவில்லை என்று எண்ணிக் கூடுதலாகக் கேட்கும். அதை அடைத்தேன். ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றி, எஞ்சின் ஆயிலையும் புதிதாக ஊற்றினேன். மறுபரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 1.2 வந்தது. அதன் பிறகுதான் பட்டறையில் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று உறுதியாகச் சொன்னார்கள்.

உண்மையான காரணத்தைச் சுட்டிக்காட்டியவள் என் மனைவி. பாகூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, "முன்பெல்லாம் இந்த முள் நடுவில் நிற்குமே, இப்போது ஏன் கீழேயே கிடக்கிறது?" என்று வெப்பமானியைக் காட்டிக் கேட்டாள். முள் கீழே இருப்பதை, எஞ்சின் சூடேறாமல் நன்றாக இருக்கிறது என்று நான் இத்தனை நாளும் பெருமையாகவே நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ரேடியேட்டர் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர், நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று சொல்லித் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எடுத்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதினான்காகக் குறைந்ததும் அதன் பிறகுதான். நான் அதை வண்டியின் வயதின் மேல் ஏற்றிவிட்டேன்.

தண்ணீர் 80 பாகையை ஒட்டிச் சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாதபோது எஞ்சின் எவ்வளவு தூரம் ஓடினாலும் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்றே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அதுவும் காலையில் முதல் முறை கிளப்பும்போது கொடுப்பதுபோல் பெட்ரோலை அதிகமாகவே கொடுத்துக்கொண்டிருக்கும். கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடை எரித்து மாற்றுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டி இருந்தால்தான் அது கிடைக்கும். பெட்ரோல் மிகுந்த கலவையில், அன்றைக்கு வாங்கிய புதிய கன்வெர்ட்டரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். சில நூறு ரூபாய்க்குப் புதிய வால்வைப் போட்டு, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினேன். இரண்டு நாள் ஓட்டிய பிறகு பரிசோதித்ததில் 0.2 விழுக்காடும் 130 பி.பி.எம்.-மும் வந்தன. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கிருந்த மகிழ்ச்சியை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் என் மருந்தை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் கார்பன் மோனாக்சைடு 0.3, ஹைட்ரோகார்பன் 980 என்று எழுதியிருக்கிறாய். அதாவது எனக்கு மீறிய எண் உனக்கு அடங்கியிருக்கிறது, எனக்கு அடங்கியது உனக்கு மீறியிருக்கிறது. உன் வண்டியில் பெட்ரோல் மிகுதியாகப் போகவில்லை. போகும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலேயே வெளியே வருகிறது. நான்கு சிலிண்டரில் ஏதோ ஒன்று அவ்வப்போது தீப்பற்றாமல் விடுகிறது என்பதே என் ஊகம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக உதறுகிறது என்று நீ போகிறபோக்கில் எழுதியிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. ஆகவே பிளக்குகளையும், அவற்றுக்குப் போகும் வயர்களையும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் முதலில் பார்க்கச் சொல். அவை நன்றாக இருந்தால், எஞ்சினுக்குள் காற்று இழுக்கும் பக்கத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே காற்று கசிந்தால் கலவை மெலிந்து தீப்பற்றாது. அதற்கும் பிறகுதான் சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை.

இதைத் தள்ளிப்போடாதே என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், உள்ளே தேனடைபோல் இருக்கும் பீங்கான் பகுதி உருகிவிடும். பழுதைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தினால் அதற்கும் அதே கதிதான்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமோ என்று கேட்டிருந்தாய். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கார்பன் மோனாக்சைடைக் குறைக்கவே செய்யும். ஆனால் 20 விழுக்காடு எத்தனாலை நம் வண்டிகளின் பழைய ரப்பர் குழாய்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. பெட்ரோல் வரும் குழாயையும் ஒரு முறை தடவிப் பார்க்கச் சொல்.

வேலை முடிந்ததும் உடனே பரிசோதனைக்குப் போய்விடாதே. கன்வெர்ட்டர் 250, 300 பாகைக்குச் சூடேறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டிப் போய் நின்றால் நல்ல வண்டியும் தோற்கும். அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகக் கன்னியக்கோயில் வரை ஓட்டிக்கொண்டு வா. அங்கே சாலையோரம் நான் காத்திருக்கிறேன்; ஒரு தேநீர் குடித்துவிட்டு, எஞ்சின் ஆறுவதற்குள் உன்னுடனேயே புதுச்சேரிக்குத் திரும்பி வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் எழுது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அந்தச் சாலையில் நெரிசல் அதிகம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்