மச்சான், அந்த அட்வான்ஸை அனுப்பாதே

ராணிப்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஆனாலும் உழவர் சந்தைக்குத் தானே போய்த்தான் கத்தரிக்காய் பொறுக்குவேன் என்கிறாள். உன் வீட்டிலும் நலம் என்று நினைக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை முத்துக்கடையில் உன் தங்கச்சி வீட்டுக்காரரைப் பார்த்தேன். சித்திரையில் நீ ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறாய் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டீயில் அடுத்ததைச் சொன்னார். சிங்கப்பூர்க் காரையும் கொண்டுவரப் போகிறாயாம், சென்னையில் ஓர் ஏஜென்ட் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டானாம், இந்த வாரம் அவனுக்கு அட்வான்ஸ் போகிறதாம். மச்சான், அந்தப் பணத்தை அனுப்பாதே. வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார்ப்பாய். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

எங்கள் தோல் சரக்குக்குச் சுங்கத்தில் க்ளியரிங் பார்ப்பவரை உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் உன்னோடு சீட்டாடியவர். மத்தியானமே அவருக்குப் போன் போட்டேன். நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள் "வண்டி எந்த வருஷத்துத் தயாரிப்பு?" என்று கேட்டார். 2020 என்றேன். "அப்படியென்றால் பேச்சே இல்லை" என்று முடித்துவிட்டார்.

நம் நாட்டு இறக்குமதி விதியில் பழைய காருக்கு முதல் நிபந்தனையே வயசுதான். தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நீ வாங்கிய தேதி கணக்கில்லை, தயாரித்த தேதி. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கவேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்டவேண்டும், ஹெட்லைட் இடது பக்கம் ஓட்டும் ஊருக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். இதெல்லாம் சிங்கப்பூர் வண்டிக்குத் தானாகவே பொருந்தும். துபாயிலிருந்து கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு ஸ்டீயரிங்கிலேயே கதை முடிந்துவிடுகிறது, உனக்கு வயசில் முடிகிறது. அதற்கப்புறம் கப்பலேற்றும் முன்பே அங்கே ஒரு சோதனைச் சான்று வாங்கவேண்டும், இன்னும் ஐந்து வருஷமாவது ரோட்டில் ஓடும் தகுதி வண்டிக்கு இருக்கவேண்டும். இங்கே இறங்கிய பிறகும் புனே மாதிரி இடத்தில் இருக்கும் சோதனை நிலையம் பார்த்துச் சான்று கொடுக்கவேண்டும்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் துறைமுகம். புதுக் காரென்றால் சென்னையிலும் எண்ணூரிலும் இறக்கலாம். பழைய கார் மும்பையில் மட்டும்தான் இறங்கமுடியும். எங்கள் கண்டெய்னர் சாயங்காலம் சிப்காட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரிக்குள் சென்னைத் துறைமுக வாசலில் நிற்கும், அவ்வளவு பக்கம். உன் வண்டியோ சிங்கப்பூரிலிருந்து இலங்கையைச் சுற்றி மும்பைக்குப் போய், அங்கே யார்டில் நாள் வாடகை ஏற ஏறக் காத்திருந்து, டிரெய்லரில் ஏறி நம்மூருக்கு வரவேண்டும். மும்பையில் உனக்கு யாரைத் தெரியும்? ஒரு காகிதத்தில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால் யார் ஓடுவது?

இனி வரி. உன் வண்டிக்கு வயசு தடையில்லை என்றே வைத்துக்கொள். பழைய காருக்கு ரொம்ப காலமாக அடிப்படைச் சுங்க வரி 125 சதவீதம். அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 12.5, ஆக 137.5. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியை 70 ஆகக் குறைத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் "வரியெல்லாம் குறைஞ்சிடுச்சு சார்" என்று அந்த ஏஜென்ட் உனக்குச் சொல்லியிருப்பான். குறைத்த கையோடு வேளாண் உள்கட்டமைப்பு வரி என்று 67.5 சதவீதம் சேர்த்ததை அவன் சொல்லியிருக்கமாட்டான். கூட்டிப் பார், அதே 137.5.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுங்கத்தில் உன் வண்டிக்கு 10 லட்சம் மதிப்புப் போடுகிறார்கள் என்று வைப்போம். நீ என்ன பில் காட்டினாலும் அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். புது வண்டியாக இருந்தபோதிருந்த விலையை எடுத்து, தேய்மானம் கழித்து, கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்த்து அவர்களே ஒரு மதிப்புக்கு வருவார்கள். 10 லட்சத்துக்கு அடிப்படை வரி 7 லட்சம். வேளாண் வரி 6 லட்சத்து 75 ஆயிரம். ஆக 23 லட்சத்து 75 ஆயிரம். இந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு சின்னக் காருக்கு 18, பெரிய காருக்கு 40 சதவீதம். நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள உன் வண்டி பெரிய கார். அதற்கு 9 லட்சத்து 50 ஆயிரம். 10 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 23 லட்சத்து 25 ஆயிரம் ஆகிறது. வரிக்கே வரி போடுகிறார்கள் என்று நீ கத்துவாய். நானும் கத்தினேன். கத்தினாலும் சட்டம் அதுதான்.

இது மும்பையோடு நிற்காது. இங்கே வந்து டிஎன் 73 நம்பர் வாங்கவேண்டுமே, அதற்கு ஆர்டிஓ ஆபீசில் ஆயுள் வரி. 2023லிருந்து நம் மாநிலத்தில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 20 சதவீதம். பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்க இறக்குமதிக் காகிதம், சிங்கப்பூரில் பதிவு ரத்தான காகிதம், சோதனைச் சான்று, இன்சூரன்ஸ், பதிவு விண்ணப்பமான படிவம் 20 எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய் நிற்கவேண்டும். போன மாசம் என் தம்பி வண்டிக்காக அங்கே போயிருந்தேன். ஒருவர் பானெட்டுக்குள் தலையை விட்டு, சேசிஸ் எண் பொறித்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஒரு எண் சரியாக விழவில்லை என்று மறுபடி தேய்த்தார். பதினேழு எழுத்தும் காகிதத்தோடு ஒத்துப்போனால்தான் விட்டார். அந்த எண்ணை வைத்துக் கம்பெனியில் கேட்டால் எந்த வருஷம் தயாரான வண்டி என்பது தெரிந்துவிடும். "வருஷத்தை நாங்க பார்த்துக்குறோம்" என்று எவனாவது சொன்னால் அவன் ஃபோர்ஜரி செய்யப் போகிறான் என்று அர்த்தம். கையெழுத்து உன்னுடையதாக இருக்கும்.

அந்த ஏஜென்ட் இன்னும் இரண்டு கதை சொன்னானாம், உன் தங்கச்சி வீட்டுக்காரர் வரிசையாக ஒப்பித்தார்.

முதல் கதை, ஊருக்குத் திரும்புகிறவர் வீட்டுச் சாமானோடு சாமானாகக் காரையும் கொண்டுவந்துவிடலாம் என்பது. 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் ஆரம்பத்திலேயே, பிரிவு 2(3)இல், பயணிகள் உடைமை என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. ஃப்ரிட்ஜ் கொண்டு வா, கட்டில் கொண்டு வா, உன் வீட்டுக்காரி சேர்த்து வைத்திருக்கும் அத்தனை டப்பாவையும் கொண்டு வா. கார் அந்தப் பட்டியலில் வராது.

இரண்டாவது, கார்னே. வெளிநாட்டு வண்டியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அங்கேயுள்ள ஆட்டோமொபைல் சங்கம் பணத்துக்குப் பொறுப்பேற்றுக் கொடுக்கும் புத்தகம் அது. வரி கட்டாமல் உள்ளே வரலாம், ஆறு மாசத்துக்குள் அதே வண்டி வெளியே போயாகவேண்டும். எல்லையில் ஒவ்வொரு தாளாகக் கிழித்து முத்திரை போடுவார்கள், அதனால் உள்ளே வந்து வெளியே போகாத வண்டி எது என்பது அவர்களுக்குத் தெரியும். "கார்னேவில் கொண்டு வந்துடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறானாம். அந்த அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வராத விஷயம்.

ஏன் என்று சொல்கிறேன். நம்ம நண்பன் 'ஆம்பூர் ஹாக்கி'யை நினைவிருக்கிறதல்லவா? இரண்டு வருஷம் முன்பு பெரிய ஜீப் ஒன்று வாங்கி முத்துரங்கம் கல்லூரி கேட்டுக்கு எதிரில் நிறுத்தி போட்டோ எடுத்து க்ரூப்பில் போட்டானே, அதே வண்டி. ஹிமாச்சல் நம்பர், பாதி விலை, யாரோ ஒரு புரோக்கர். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று வீடு வீடாகச் சோதனை போட்டதே, பூட்டானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்குப் போலிக் காகிதம் போட்டுப் பதிவு செய்து விற்றதற்காக, சினிமா நடிகர்கள் வீடுகளில்கூடப் பார்த்தார்களே, அதைப் படித்ததிலிருந்தே அவனுக்கு வயிற்றில் புளி கரைத்தது. போன மாசம் அவன் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து மகஜர் எழுதி, வண்டியைக் கைப்பற்றியதாகக் காட்டி, விசாரணை முடியும் வரை அவன் பொறுப்பிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். விற்கக் கூடாது, ஓட்டக் கூடாது.

போன வாரம் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. பேட்டரி செத்துவிடுமே என்று வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்யக்கூட அவனுக்குப் பயம். அவனுக்கு விற்றவனின் போன் அணைந்தே கிடக்கிறது. முறை தவறி வந்த சரக்கைச் சுங்கம் பறிமுதல் செய்துகொள்ளலாம், அதற்குமேல் அபராதமும் போடலாம். பணம் கட்டி மீட்க அனுமதிப்பார்களா என்பது அதிகாரி கையில். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "போலீசு கூட்டிட்டுப் போவாங்களாப்பா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? அவன் ஒரு வண்டியை நம்பி வாங்கியவன். நீ கொண்டுவந்தால் இறக்குமதி செய்தவனே நீதான். உன் பாஸ்போர்ட், உன் கையெழுத்து. ஏஜென்ட் பெயர் எங்கேயும் இருக்காது.

மச்சான், நீ ஏன் இந்த வண்டிமேல் இப்படி நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாமா சிங்கப்பூருக்கு வந்த அந்த ஒரே தடவை முன் சீட்டில் உட்கார்ந்து தீவு முழுக்கப் பார்த்த வண்டி அது. ஊருக்கு வந்து அதைப் பற்றி எத்தனை பேரிடம் சொன்னார்! கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொள்ளும் என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் செய்து காட்டினார். அவர் வாங்கி ஒட்டிய பிள்ளையார் இன்னும் டாஷ்போர்டில் இருக்கிறார் என்று நீ சொன்னாய். அந்தப் பிள்ளையாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வா, அவருக்கு எந்த வரியும் கிடையாது. ஆனால் உன் ஓய்வுப் பணத்தில் பாதியை வரிக்கும், மீதி நிம்மதியைக் கோர்ட்டுக்கும் கொடுப்பதை மாமா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். ஐந்து ரூபாய் பஸ் டிக்கெட்டைக்கூட நம்பர் பார்த்து வாங்கிய மனிதர் அவர்.

சச்சினுக்கு ஷூமாக்கர் கொடுத்த ஃபெராரி ஞாபகம் இருக்கிறதா? அதற்கு வரி விலக்குக் கொடுத்ததே நாடு முழுக்கப் பேச்சாகி, கடைசியில் ஃபியட் கம்பெனி வரியைக் கட்டியது. நமக்காகக் கட்ட எந்தக் கம்பெனியும் வராது.

நான் நினைப்பது இதுதான். வண்டியை அங்கேயே கொடுத்துவிடு. 10 வருஷம் முடிவதற்குள் பதிவை ரத்து செய்தால் பார்ஃப் என்கிற பதிவுக் கட்டணத் தள்ளுபடிப் பணம் வரும், மிச்சமிருக்கும் சிஓஇ என்கிற கார் உரிமச் சான்றுக் காலத்துக்கும் பணம் வரும், இதெல்லாம் என்னைவிட உனக்குத் தெரியும். ஊருக்கு ஏன் கப்பலேற்றவேண்டும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசி. அந்தப் பணத்தில் இங்கே நல்ல வண்டி வாங்கலாம், ஸ்பேர் பார்ட்ஸ் வேலூரிலேயே கிடைக்கும். அங்கே ஓடிய அதே மாடலுக்கு ஒரு பம்பர் உடைந்தால் எங்கே போய் நிற்பாய்?

செவ்வாய்க்கிழமைக்குள் பதில் போடு. அந்த ஏஜென்ட் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துக் கேட்டானா, பாஸ்போர்ட் நகல் அனுப்பிவிட்டாயா என்பதை முதலில் சொல். அனுப்பியிருந்தால் வண்டி கொண்டுவரும் எண்ணமில்லை, என் நகலை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அவனுக்கு இமெயிலில் எழுது, எனக்கும் ஒரு நகல் போடு. க்ளியரிங்காரர் உன்னோடு நேரில் பேசத் தயாராக இருக்கிறார், ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு.

அப்புறம், உன் வீட்டு முன்னால் கார் நிறுத்தப் போர்டிகோ போடவேண்டும் என்று தங்கச்சி சொல்கிறாள். கார் எந்த அளவு என்று தெரியாமல் மேஸ்திரி தூண் போடமாட்டேன் என்கிறார். அதையும் முடிவு செய்து சொல். குழந்தைகளுக்கு என் அன்பு. ஆற்காடு மக்கன் பேடா வேண்டும் என்று சின்னவன் கேட்டானாம், அடுத்த வாரம் அங்கே வருகிற உன் மச்சினன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன்,
கடைசி பெஞ்சு மச்சான்